வெள்ளைத்தாள் யாருடைய தோல்?

ஓவியம் கற்றுத்தருகிற எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். ஒளியும் நிழலும் என்கிற பாடத்துக்கு முதல் படம் ஒரு பந்து. வெள்ளைப் பந்து. இடப்பக்கம் மேலேயிருந்து வெளிச்சம் வருகிறது. பட்டுத் தெறிக்கிற இடத்தில் ஒரு புள்ளி, அது ஹைலைட். அதைச் சுற்றி வெளிச்சமான பரப்பு. பிறகு பந்து வளைந்து திரும்பத் திரும்ப மெல்ல மங்குகிற நடு டோன். வெளிச்சம் எட்டாத பக்கத்தில் சொந்த நிழல். அந்த நிழலுக்குள்ளேயே ஓரத்தில், மேசையில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சத்தால் லேசாகத் தெளிந்த ஒரு விளிம்பு, அது எதிரொளி. கடைசியாகப் பந்து மேசைமேல் போடுகிற விழுநிழல். இந்த ஆறும் ஒழுங்காக விழுந்துவிட்டால் தட்டையான வட்டம் உருண்டையாகிவிடும், கையை நீட்டி எடுத்துவிடலாம் போல இருக்கும். யதார்த்த ஓவியத்தின் அரிச்சுவடி இதுதான். ஐரோப்பாவில் வளர்ந்து, 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளி போன்ற இடங்கள் வழியாக நம் ஊர் டிராயிங் மாஸ்டர் கைக்கு வந்து சேர்ந்த வித்தை.

அரிச்சுவடியோடு எனக்குத் தகராறு கிடையாது. ஒரு கேள்விதான். அந்தப் பந்து ஏன் எப்போதும் வெள்ளை?

வெள்ளையில்தான் நிழல் தெளிவாகத் தெரியும் என்பார்கள். உண்மைதான், பாடத்துக்கு அது வசதி. ஆனால் பாடம் பந்தோடு நிற்பதில்லை. பந்துக்கு அடுத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் வார்த்த கிரேக்கத் தலை. அதுவும் வெள்ளை. அதற்கடுத்து மனிதத் தலை. அதற்குள் மாணவனின் கை பழகிவிடுகிறது. தாளை அப்படியே விட்டால் தோல், பென்சில் பட்டால் நிழல். ஆகவே மனிதன் என்றாலே முதலில் வெள்ளை. அவன்மேல் கறுப்பு விழுந்தால் அங்கே வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். கறுப்பும் ஒரு நிறம்தான் என்பது மறந்துபோய், இல்லாமையின் பெயராக அது விரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தால் எதிர்த்துக் கேட்டிருக்கலாம்.

எட்டாவது படிக்கும்போது எங்கள் ஆயாவை வரைந்துகொண்டு போனேன். எச்பி பென்சில்தான். எச்சில் தொட்டுத் தொட்டு அழுத்தி முகத்துக்கு டோன் ஏற்றியிருந்தேன். டிராயிங் வாத்தியார் பார்த்துவிட்டு, "என்னாடா இது, மூஞ்சி பூரா அழுக்காக் கெடக்கு" என்று ரப்பரை எடுத்து நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் துடைத்தார். கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் மிஞ்சின. "இப்பப் பாரு, லட்சணமா இருக்குது." படத்தில் ஆயா இல்லை, வேறு யாரோ ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவர் கெட்ட மனிதர் ஒன்றும் கிடையாது, பென்சில் வாங்கக் காசு கொடுத்தவர். 'அழுக்கு' என்கிற சொல்லை அவர் கண்டுபிடிக்கவும் இல்லை. எங்கள் தெருவுக்கு ஊர் வைத்திருந்த சொல் அது. தெருவிலிருந்து தாளுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதைச் சொல்லிவிட்டு வெறும் கோபத்தோடு நிறுத்தினால் நாளைக்கு ஒரு ஓவியத்தோழர் வந்து, "ஒனக்கு டிராயிங் தெரியாது, பேசாத" என்பார். ஆகவே தொழில் பேசுவோம். ரப்பர் பிடித்த அந்தக் கை தொழில்படியே தப்பு.

ஒரு பொருளின் சொந்த டோன் வேறு, அதன்மேல் விழுகிற நிழல் வேறு. புளியங்கொட்டை கொளுத்துகிற வெயிலிலும் புளியங்கொட்டைதான். வெள்ளை வேட்டி இருட்டு மூலையிலும் வெள்ளை வேட்டிதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிற கண்ணுக்குக் கறுத்த முகம் நிழலில் நிற்கிற வெளுத்த முகமாகத் தெரியும். அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்சல் 1905இல் வெளிவந்த நூலில் டோனுக்கு ஒரு ஏணி போட்டார். அடியில் முழுக் கறுப்பு, அது 0. உச்சியில் முழு வெள்ளை, அது 10. வெளுத்த தோல் இந்த ஏணியில் மேல்படிகளில் நிற்கிறது. நிழல் அதிலிருந்து இறங்குவதற்கு நிறையப் படிகள் இருப்பதால் அந்த முகத்தின் மேடு பள்ளத்தை நிழலே சொல்லிவிடுகிறது. கறுத்த தோல் கீழ்ப்படிகளில் தொடங்குகிறது. கீழே இறங்க இடம் குறைவு. மேலே? ஏணி பூராவும் காலியாகக் கிடக்கிறது.

இதில் பௌதிகமும் இருக்கிறது. தோலின் மேற்பரப்பில் பட்டுக் கண்ணாடியைப்போலத் தெறிக்கிற ஒளி எல்லார் தோலுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. விழுகிற ஒளியில் நூற்றுக்கு நாலைந்து பங்கு. தோலுக்குள்ளே நுழைந்து கலங்கித் திரும்புகிற ஒளி மட்டும்தான் மெலனினைப் பொறுத்துக் கூடும், குறையும். வெளுத்த தோலில் உள்ளேயிருந்து திரும்புவது நிறைய, அதனால் தெறிப்பு அதில் கரைந்துபோகும். கறுத்த தோலில் தெறிப்பு தனியாக, கூர்மையாக, கன்னமேட்டிலும் மூக்குத்தண்டிலும் தோள்முனையிலும் நிற்கும். வானத்தின் நீலத்தையும் எதிர்ச்சுவரின் மஞ்சளையும் வாங்கிக் காட்டும். வெளுத்த உடம்பை நிழலால் வரையலாம், கறுத்த உடம்பை ஒளியால்தான் வரைய வேண்டும். அன்றைக்கு வாத்தியார் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். அதே ரப்பரின் முனையால் ஆயாவின் கன்னத்தில் இரண்டு இடம், நெற்றியில் ஒரு இடம், கீழ்உதட்டில் ஒரு கீற்று. அவ்வளவு கரியை எடுத்திருந்தால் கிழவி எழுந்து உட்கார்ந்து வெற்றிலை கேட்டிருப்பாள்.

அடுத்து, எந்த வெளிச்சம் என்கிற கேள்வி. ஐரோப்பிய ஓவியன் வடக்குப் பார்த்த ஜன்னல் தேடுவான். நேர் வெயில் வராது, வெளிச்சம் நாள் முழுக்க அதிகம் மாறாது. முகத்தை வரைய மேகமூட்டமும் அந்தி மங்கும் நேரமும் உகந்தவை என்று லியனார்டோ டாவின்சி எழுதிவைத்தார். அவர் ஊருக்கு, அவரிடம் வந்து உட்கார்ந்தவர்களுக்கு அது சரி. நம் சனம் அந்தி மங்கும் நேரத்தில் யாருக்கு உட்கார்ந்து கொடுக்கும்? உலையும் அப்போதுதான், தண்ணீர்க் குழாயும் அப்போதுதான். அவர்களைப் பார்க்க வேண்டுமானால் உச்சிவெயிலில் பார்க்க வேண்டும். கண்குழி இருண்டு, நெற்றியும் மூக்கும் தோளும் மட்டும் எரிகிற அந்த வெளிச்சத்தைப் போட்டோகிராபரும் வேண்டாம் என்பார், ஓவியரும் வேண்டாம் என்பார். எங்கள் ஆட்கள் பாதி ஆயுளைக் கழித்த வெளிச்சம் அதுதான்.

நடவு வயல் இன்னும் விசேஷம். குனிந்து நிற்கிற பெண்ணுக்கு வெயில் முதுகில் விழுகிறது. முகத்துக்கு வெளிச்சம் கீழேயிருந்து, கலங்கிய தண்ணீரிலிருந்து வருகிறது. தாடையடி, மூக்கின் கீழ்ப்புறம், புருவத்தின் அடி, வழக்கமாக நிழல் கிடக்கிற இடமெல்லாம் அங்கே தெளிந்திருக்கும். நாற்றின் பச்சையும் சேற்றின் செம்மையும் கலந்த வெளிச்சம், தண்ணீர் அலைய அலைய முகத்தில் அலையும். வரப்பில் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் இது தெரியும். பாடப்புத்தகம் எதிரொளிக்கு மேசையைக் காட்டுகிறது. அதே எதிரொளிதான் இது. எங்கள் மேசை ஒரு ஏக்கர், அதுவும் வேறு ஒருத்தனுடையது.

இந்த நாட்டில் வெளிச்சம் வெறும் வெளிச்சமாக எப்போது இருந்தது? திருநெல்வேலிச் சீமையில் கண்ணில் படவே கூடாத சாதி ஒன்று இருப்பதாக 1932 டிசம்பரில் இந்து நாளேட்டில் ஒரு செய்தி வந்தது. அம்பேத்கர் அதைத் தன் எழுத்தில் எடுத்தாண்டிருக்கிறார். புதிரை வண்ணார். பார்த்தாலே தீட்டு, ஆகவே பகலில் வெளியே வரக்கூடாது. நடுநிசிக்கும் விடியலுக்கும் இடையில் துணி வெளுக்க வேண்டும். யார் துணியை? நம் துணியை, தோழர்களே. இதைப் படித்து நம்மில் யாருக்காவது கண் கூசினால் கூசட்டும். பகல் என்பது எல்லாருக்கும் பொது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு சாதிக்கு அதைச் சட்டம்போட்டு நிறுத்திவைத்திருந்தார்கள், அந்த ஏற்பாட்டின் ஒரு முனையில் நாமும் இருந்தோம்.

நிழலுக்கும் அப்படித்தான். பேஷ்வாக்களின் ஆட்சியில், எதிரே சாதி இந்து வந்தால் தீண்டப்படாதவர் தெருவில் நடக்கக்கூடாது, நிழல் பட்டுத் தீட்டாகிவிடும் என்று இருந்ததை 1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எடுத்துக்காட்டுகிறார். உடம்பைத் தொட வேண்டியதில்லை, உடம்பு தரையில் போடுகிற கறுப்பே போதும்.

மறுபக்கம் யாருக்கு நிழலே கிடையாது? பாரதத்தில் வருகிற நளன் கதையைப் பாருங்கள். சுயம்வரத்தில் நளனைப் போலவே உருமாறி நான்கு தேவர்கள் வந்து நிற்கிறார்கள். தமயந்தி எதை வைத்து அடையாளம் காண்கிறாள்? தேவர்களுக்கு வேர்க்காது, கண் இமைக்காது, மாலை வாடாது, தூசு ஒட்டாது, கால் தரையில் பாவாது, நிழல் விழாது. நளனுக்கு இத்தனையும் உண்டு. இந்தப் பட்டியலைப் பந்துப் பாடத்தோடு வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹைலைட் எதில் நன்றாக விழும்? வேர்வையில். விழுநிழல் என்ன செய்கிறது? காலைத் தரையோடு கட்டுகிறது. விழுநிழலை எடுத்துவிடுங்கள், எப்பேர்ப்பட்ட உருவமும் அந்தரத்தில் மிதக்கும், தேவனாகிவிடும். யதார்த்த ஓவியத்துக்கு எவையெல்லாம் உயிரோ அவையெல்லாம் இல்லாதிருப்பதுதான் இங்கே தெய்வ லட்சணம். வேர்வையும் தூசும் நிழலும் யாருக்கு ஒதுக்கப்பட்டன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டு நாம் போஸ்டர் ஒட்டுகிறோம். அந்தப் போஸ்டரில் நிற்கிற மனிதனின் காலடியில் நிழல் இருக்கிறதா என்று அடுத்தமுறை பாருங்கள். நிலம் கேட்கிறவன் நிலத்தில் நிற்க வேண்டாமா?

ரவிவர்மா (1848–1906) எண்ணெய் வண்ணத்தையும் ஐரோப்பிய ஒளிநிழலையும் புராணத்துக்குக் கொண்டுபோனார். தேவர்களுக்குச் சதையும் கனமும் வந்தன. ஆனால் தோல்? 1894இல் பம்பாய்ப் பக்கம் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வீட்டுக்கு வீடு போன லட்சுமியும் சரஸ்வதியும் எந்தத் தோலோடு போனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு கோவில்பட்டியில் கொண்டைய ராஜு (1898–1976), அவருடைய சீடர்கள், சிவகாசிக் காலண்டர். காலண்டர் ஓவியத்தின் சாமர்த்தியத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முகத்தில் நிழல் வேண்டும், இல்லையென்றால் உருண்டை வராது. ஆனால் கறுப்பு வரக்கூடாது. ஆகவே நிழலையே ரோஸ் நிறத்தில் போட்டார்கள். தாடையடியில் ரோஸ், மூக்கோரம் ரோஸ். கைதேர்ந்த வேலை, குறை சொல்ல முடியாது. நிழல்கூடத் தீட்டுப்படாத நிழல்.

அந்தக் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்துவிட்டு அண்ணல் படத்தை மாட்டினோம். காலண்டர் போய்விட்டது, ரோஸ் போகவில்லை. ஒரு ஏப்ரல் 14க்கு ஃப்ளெக்ஸ் அடிக்கப் போயிருந்தேன். டிசைன் பண்ணுகிற தம்பி நம்ம பையன்தான். பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வண்ணம் போட்டுவைத்திருந்தான். கன்னம் ஆப்பிள் மாதிரி இருந்தது.

"தம்பி, முகம் ஏன் இப்படி ரோஸா இருக்கு?"

"பளிச்சுனு இருக்கட்டும்ணே. டல்லா இருந்தா தலைவரு மாதிரியே இருக்காது."

"ஒரிஜினல் போட்டோல அப்படி இல்லையே."

"அது பழைய போட்டோண்ணே, அழுக்கா இருந்துச்சு. கிளீன் பண்ணிட்டேன்."

அழுக்கு. இருபது வருடம் கழித்து, வேறு ஊரில், நம் பிள்ளை வாயிலிருந்து. அவன் கிளீன் பண்ணியது என்ன தெரியுமா? கண்ணடியில் இருந்த பை. மூக்கிலிருந்து வாயோரம் இறங்குகிற கோடு. நெற்றி மேட்டின் பக்கவாட்டில் இருந்த நடு டோன். வாழ்நாள் முழுக்க இரவில் படித்த, நோயோடு சட்டம் எழுதிய ஒரு மனிதனின் முகத்தில் அந்த வேலையெல்லாம் எங்கே பதிந்திருந்ததோ அந்த இடமெல்லாம் போய்விட்டது. மிஞ்சியது நீலக் கோட்டு போட்ட ஒரு காலண்டர் சாமி.

இந்த வெளுப்பு அந்தத் தம்பி கண்டுபிடித்ததல்ல. 1650இல் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்க்கெஸ் ரோம் நகரில் தன் அடிமை ஹுவான் தெ பரேஹாவை வரைந்தார். பழுப்புத் தோல், நெற்றியில் தெறிக்கிற ஒளி, நேராகப் பார்க்கிற கண். அந்த வருடம் மார்ச்சில் பாந்தியன் கட்டடத்தில் காட்சிக்கு வைத்தபோது ரோம் ஓவியர்கள் வியந்தார்கள். அப்போதும் அவர் அடிமைதான். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்தது அதே வருடம் நவம்பரில். (தத்ரூபமாக வரையப்படுவதும் விடுதலை அடைவதும் வேறு வேறு. இதை நம் கவிஞர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நானும் கவிஞன்தான்.) பரேஹா பிறகு தானே ஓவியரானார். 1661இல் அவர் வரைந்த 'புனித மத்தேயுவின் அழைப்பு' மத்ரித் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் தன்னையே வரைந்து நிறுத்தியிருக்கிறார். முதலாளி வரைந்த படத்தைவிட வெளுப்பாக. அடிமையாக வைத்திருந்தவன் பார்த்த நிறத்தைத் தன் கையால் போட அவருக்கு முடியவில்லை. அவரைக் குற்றம் சொல்ல நான் யார்? ஆனால் நம் ஃப்ளெக்ஸ் கடையில் அதே தூரிகைதான் இன்னும் ஓடுகிறது.

இயந்திரம் வந்தால் சாதி பார்க்காது என்கிறவர்களுக்கு என் கவுன்ட்டரைக் காட்டுகிறேன். நான் வங்கிக் குமாஸ்தா. வேலையில் பாதி, முகத்தையும் போட்டோவையும் ஒத்துப் பார்ப்பது. மகளிர் குழுக் கடனுக்கு வருகிற பெண்கள் அடையாள அட்டையின் ஜெராக்ஸைக் கொண்டுவருவார்கள். கடைத்தெரு ஜெராக்ஸ் எழுத்துக்காகத் திருகி வைத்தது, அதற்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும், நடுவில் ஒன்றும் தெரியாது. வெளுத்த முகம் கண் மூக்கோடு வரும். இவர்கள் முகம் மைக்கொட்டியது போல ஒரு திட்டு. ஒருநாள் பக்கத்து மேசை அதிகாரி அந்தத் தாளை ஆட்டிக்கொண்டே, "ஏம்மா, இதுல யாருன்னே தெரியல, வேற எடுத்துக்கிட்டு வா" என்கிறார். அந்த அம்மா அவருக்கு இரண்டடி எதிரே, டியூப்லைட் வெளிச்சத்தில் நிற்கிறார். நிமிர்ந்து பார்த்தால் தெரியும். பார்க்கவில்லை. ஒருநாள் கூலி போனது.

கேமராவின் கதையும் இதேதான். கோடாக் கம்பெனி 1950களிலிருந்து போட்டோ லேப்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு அட்டை அனுப்பியது. வெள்ளைக்காரப் பெண்ணின் படம், அதற்கு ஷெர்லி அட்டை என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பர் முகம் பல்லும் கண்ணுமாக மட்டும் வந்தது. ஃபிலிமைத் திருத்தத் தூண்டியது எது? சாக்லேட் விற்கிறவர்களும் மரச்சாமான் விற்கிறவர்களும் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று புகார் செய்ததுதான் என்று கம்பெனியில் இருந்தவர்களே சொன்னதை லோர்னா ராத் என்கிற ஆய்வாளர் 2009இல் எழுதினார். மனிதத் தோலுக்கு வராத நியாயம் மேசைநாற்காலிக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில் போலராய்டு ஃபிலிம் கறுப்பர்களின் பாஸ் புத்தகப் போட்டோவுக்குப் போகிறது என்று கண்டுபிடித்து 1970இல் போராட்டம் தொடங்கியவர்கள் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலைன் ஹன்ட்டர், கென் வில்லியம்ஸ் என்கிற இரண்டு கறுப்புத் தொழிலாளிகள். 1977இல் கம்பெனி அந்த நாட்டைவிட்டு வெளியேறியது. டோன் பற்றிப் பேசுவது ஓவியர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிற தோழர்கள் இதை யோசிக்கலாம்.

யோசிக்க மாட்டார்கள். அவர்களிடம் தயார்ப் பதில் இருக்கிறது. "தோழர், ஒளிநிழலெல்லாம் பூர்ஷ்வா சமாச்சாரம். ஜன்னல் வெச்ச வீட்டுக்காரன் கண்டுபிடிச்சது. நமக்குக் கறுப்பு மை போதும்."

ஜன்னல் வைத்த வீட்டுக்காரன் கண்டுபிடித்தது என்பது சரி. அச்சு இயந்திரத்தை யார் கண்டுபிடித்தான்? அதில்தானே 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' அடித்தார்? ஒளிநிழலை ஐரோப்பாவிலும் எல்லாரும் ராஜாவுக்குச் சேவகம் செய்ய வைத்துக்கொள்ளவில்லை. காரவாஜ்ஜியோ (1571–1610) தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புனிதர்களாக வரைந்தார். லொரேத்தோ மாதா முன்னால் மண்டியிட்ட ஏழை யாத்திரீகனின் அழுக்குப் பாதம் பார்க்கிறவன் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும். அவர் வரைந்த மாதாவின் மரணத்தை, செத்த பெண் செத்த பெண்ணாகவே கிடக்கிறாள் என்பதால், கேட்டு வாங்கிய ரோம் தேவாலயம் வேண்டாம் என்றது. இன்று அது பாரிசில் லூவ்ரில். கேத்தே கொல்விட்ஸ் 1890களில் நெசவாளர்களைப் பற்றிச் செய்த அச்சுப்படங்களில் விளக்கு எரிகிற மூலையும் எரியாத மூலையும்தான் கதை. 1898இல் அவருக்குப் பரிந்துரைத்த தங்கப்பதக்கத்தைக் கொடுக்கக்கூடாது என்றான் ஜெர்மன் கெய்சர். வங்கப் பஞ்சத்தில், 1943இல், சித்தபிரசாத் போட்ட 'பசித்த வங்காளம்' நூலின் பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு பறித்து எரித்தது. அதிகாரத்துக்கு எந்தப் படத்தைக் கண்டு எரிகிறது என்று அதிகாரத்துக்குத் தெரியும்.

கறுப்பு மை போதும் என்பதன் பலன் நம் அட்டைப்படங்களில் இருக்கிறது. வாய் பிளந்த முகம், உடைந்த சங்கிலி, முஷ்டி. முழுக் கறுப்பில் ஒரே ஒரு உணர்ச்சிதான் வரையமுடியும், ஆத்திரம். ஆத்திரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஆயா கோபப்பட்டதைவிடக் கேலி பண்ணியது அதிகம். ஊர்க்காரன் போனபிறகு உதட்டோரம் வருமே ஒரு சிரிப்பு, அது நடு டோனில் இருக்கிறது. களைப்பு நடு டோனில் இருக்கிறது. கூச்சம், சந்தேகம், காதல், பிள்ளை பாஸாகிவிட்டான் என்று கேட்ட முகம், எல்லாம் ஏணியின் நாலாம் படிக்கும் ஆறாம் படிக்கும் இடையில். எதிரி நம்மைத் திட்டாகப் பார்க்கிறான், நாமும் திட்டாகவே வரைந்து கொடுக்கிறோம்.

முழுக் கறுப்பையே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 1955இல் அலபாமாவில் பிறந்த கறுப்பு ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் 1980இல் கறுப்புப் பின்புலத்தில் கறுப்பு முகம் வரைந்தார். பல்லும் கண்வெள்ளையும் சட்டையின் ஒரு துண்டும்தான் முதலில் தெரியும். தன் பழைய உருவின் நிழலாக ஓவியன் என்கிற பொருளில் தலைப்பு. நம் தோழர்கள் இவரைக் காட்டி என்னை மடக்குவார்கள். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பிறகு வந்த படங்களில் எலும்புக்கரிக் கறுப்பு, புகைக்கரிக் கறுப்பு, இரும்புக் கறுப்பு என்று பிரித்து, ஒன்றில் கொஞ்சம் நீலம், ஒன்றில் கொஞ்சம் பழுப்பு சேர்த்து, கறுப்புக்குள்ளேயே ஏணி கட்டினார். டோனைத் தெரிந்துகொண்டு விட்டவருக்கும் தெரியாமலே விட்டவருக்கும் வித்தியாசம் உண்டு.

இரவுப் பள்ளி நடத்துகிற தோழர்களுக்கு ஒரு யோசனை. வெள்ளைத்தாளை விடுங்கள். பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் ஷீட் வாங்குங்கள். அடுப்புக்கரி ஒரு துண்டு, சாக்பீஸ் ஒரு துண்டு. நிறத்தாளில் கறுப்பால் இருட்டையும் வெள்ளையால் ஒளியையும் எடுப்பது பழைய முறை, ஜெர்மன் ஓவியர் டியூரர் 1508இல் நீலத்தாளில் கும்பிட்ட கைகளை அப்படித்தான் வரைந்தார். வங்கப் பஞ்சத்தை ஜெய்னுல் ஆபிதீன் வரைந்ததும் பொட்டலம் கட்டுகிற மலிவுத்தாளில்தான். பிரவுன் ஷீட்டில் தாளே நம் தோலின் நடு டோன். தலைமுடி, கண்மணி, மூக்குத்துவாரம், கழுத்தடி மட்டும் கரி. சாக்பீஸ் கடைசியில், மூன்று நான்கு இடத்துக்கு மேல் போகக்கூடாது. எங்கே என்று தெரியாவிட்டால் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், சின்ன விவரமெல்லாம் மறைந்து டோன் மட்டும் நிற்கும். நிழலுக்குள் சாக்பீஸ் வைக்காதீர்கள். காலை வரைந்தால் காலடி நிழலையும் வரையுங்கள். கரண்ட் போய் மெழுகுவத்தி ஏற்றினால் இன்னும் நல்லது, ஒரே பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் பாடத்துக்கு வசதி. முதல் நாளே பந்து வேண்டாம். ஒரு நாவற்பழத்தை வையுங்கள், வரைந்து முடித்ததும் தின்றுகொள்ளட்டும்.

ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுக்கும்போது அளவு, வாசகம், யார் யார் படம் என்று எழுதிக்கொடுக்கிற சீட்டில் இன்னொரு வரியும் சேர்த்து எழுதுங்கள்: 'முகத்தைக் கிளீன் பண்ண வேண்டாம்.' தம்பி சிரித்தால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவன் கை மவுஸைப் பிடித்திருக்கிற நிறத்தையும் திரையில் இருக்கிற நிறத்தையும் காட்டுங்கள். அட்வான்ஸை அதற்கப்புறம் கொடுக்கலாம்.